இரு துளைகளும் ஒரு தக்கையும்

நம் சங்க மலருக்கு ஒரு கட்டுரை தரவேண்டும் என்று செயலாளர் அவர்கள் கேட்டபோது, முதலில் மறுத்துவிடவே எண்ணினேன். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கோப்புகளைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாகக் காலங்கழிக்கும் எழுத்தர் நான். பி.ஏ. வகுப்பில் கற்ற தமிழ், வரவு செலவுக் குறிப்புகளுக்கு அடியில் எங்கோ கிடக்கிறது. ஆயினும், "உங்களுக்குத் தெரிந்ததை எழுதுங்கள், போதும்" என்றார் அவர். எனக்கு நன்றாகத் தெரிந்தது, நான் செய்த பிழை ஒன்று. அது தண்ணீரைப் பற்றியது. ஊரைவிட்டு வடபுலம் வந்து குடியேறிய நம் குடும்பங்களுக்கு அதைச் சொல்வதில் சிறிது பயனாவது இருக்கும் என்ற நம்பிக்கையில் எழுதத் துணிந்தேன்.

இராமநாதபுரம் மாவட்டத்தில், முதுகுளத்தூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்று என் பிறப்பிடம். கிணறு தோண்டினால் உப்புநீர் சுரக்கும் மண் அது. ஊருக்கெல்லாம் குடிநீர் தந்தது ஊருணி ஒன்றே. அதில் கால் நனைக்கக் கூடாது; துணி துவைக்கக் கூடாது; மாடு இறங்கக் கூடாது. பங்குனி சித்திரையில் ஊருணி வற்றத் தொடங்கினால் நீர் கலங்கிச் செந்நிறமாகிவிடும். என் அன்னையார் மண்பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்து, அந்நீரை ஊற்றி வைப்பார். சில நாழிகையில் சேறெல்லாம் அடியில் படிய, மேலே தெளிந்த நீர் நிற்கும்.

மழைக்காலம் வந்துவிட்டால் எங்கள் வீட்டில் திருவிழாதான். முற்றத்தில் நான்கு கம்புகளை நட்டு, வெளுத்த வேட்டியொன்றை நான்கு முனைகளிலும் இழுத்துக் கட்டுவார் அன்னையார். நடுவில் கழுவிய கூழாங்கல் ஒன்றை இடுவார். கல்லின் பாரத்தால் துணி குழிந்து, மழைநீரெல்லாம் அங்கே திரண்டு, வடிந்து, கீழே வைத்த அண்டாவில் விழும். அந்த நீரில் பருப்பு பூப்போல வேகும். உப்புநீரில் வேகாத பருப்பு அது. எண்பதுகளில் சிறுவனாக இருந்த எனக்கு, அண்டாவில் விழும் மழையின் ஓசை இன்றும் காதிலே நிற்கிறது. அந்த மழையை எப்போது பிடிப்பது, எப்போது விடுவது என்பது மட்டும் நினைவில் நிற்கவில்லை. அதனால் விளைந்ததே இக்கட்டுரை.

2008-ஆம் ஆண்டு உத்தியோக நிமித்தமாக நான் ஜோத்பூருக்கு மாற்றப்பட்டேன். மனைவியையும் நான்கு வயது மகளையும் அழைத்துக்கொண்டு சென்றேன். மேஹ்ரான்கட் கோட்டையின் அடிவாரத்தில், நீலம் பூசிய வீடுகள் நெருங்கி நிற்கும் பழைய நகரத்தில், ஒரு வீட்டின் மாடிப் பகுதி வாடகைக்குக் கிடைத்தது. கீழே வீட்டுக்கார அம்மையார் தம் மகனோடும் மருமகளோடும் வசித்தார். எழுபதைக் கடந்த கைம்பெண். தெருவில் எல்லோருக்கும் அவர் 'மாஜி'. எங்களுக்கும் அவ்வாறே ஆனார்.

வாடகையைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. நிபந்தனை ஒன்றையே விரிவாகப் பேசினார். முற்றத்தின் மூலையில் கல் மூடியிட்டுப் பூட்டிய வாய் ஒன்று இருந்தது. அதனடியில் பாறையைக் குடைந்து, சுண்ணாம்பு பூசிக் கட்டிய நிலத்தடித் தொட்டி. அதை அங்கே 'டாங்கா' என்பார்கள். மாடிக் கூரையில் விழும் மழை, சுவருக்குள் பதித்த சுடுமண் குழாய் வழியாக இறங்கி அதில் சேரும். வீட்டாரின் குடிநீரும் சமையல் நீரும் அதுவே. மற்றவற்றுக்குக் குழாய்நீர் உண்டு. இமயத்திலிருந்து இறங்கும் ஆற்றுநீர், இந்திரா காந்தி கால்வாயில் பாலைவனத்தைக் கடந்து, ஏற்றுக் கால்வாய் வழியாக ஜோத்பூருக்கு வருகிறது. குழாய்நீர் வந்தபிறகு அத்தெருவில் பலர் தங்கள் டாங்காவை மூடிவிட்டார்கள். மாஜி மூடவில்லை.

கூரையின் தாழ்ந்த மூலையில் இரண்டு துளைகள். ஒன்று தெருப்பக்கம் நீட்டிய கல்தூம்புக்குச் செல்வது. மற்றது டாங்காவுக்குச் செல்வது. இரண்டுக்கும் சேர்த்து, துணி சுற்றிய மரத்தக்கை ஒன்று. ஆண்டு முழுவதும் அது டாங்காத் துளையிலேயே இருக்கும். ஆஷாட மாதம் பிறக்குமுன் கூரையைப் பெருக்கிக் கழுவ வேண்டும். முதல் மழையைத் தெருவுக்கு விட்டுவிட வேண்டும். கூரை நன்கு கழுவப்பட்ட பிறகு வரும் மழைக்குத்தான் தக்கையைப் பிடுங்கித் தெருத் துளையில் செருக வேண்டும். மாடியில் குடியிருப்பவரின் கடமை இது. "இதைச் செய்வாயா, பேட்டா?" என்று கேட்டார். "செய்வேன்" என்றேன்.

அந்த ஓராண்டில் டாங்காவின் ஒழுங்கு எனக்கு வியப்பளித்தது. காலையில் ஒருமுறை மட்டுமே மூடி திறக்கும். அதற்கென்று தனி வாளி, தனிக் கயிறு. அவை தரையில் படக்கூடாது. செருப்புக் காலோடு அருகில் செல்லக்கூடாது. வெளிச்சம் புகாததால் பாசி பிடிப்பதில்லை. வாய் மூடியிருப்பதால் கொசு முட்டையிடுவதில்லை. மேற்கு இராஜஸ்தானத்தின் பல ஊர்களில் நிலத்தடி நீர் உவர்ப்பானது, புளோரைடு மிகுந்தது. பல்லைக் கறைப்படுத்தி எலும்பை வளைக்கும் நஞ்சு அது. மழைநீரில் அந்தக் கேடு இல்லை. அங்கே மழைநீருக்குப் 'பாலர் பானி' என்றே தனிப்பெயர் உண்டு. மழைநீர், பாதாள நீர், இரண்டுக்கும் நடுவே மணலில் தங்கும் ஈரநீர் என்று அம்மக்கள் நீரை மூன்றாகப் பகுத்து வைத்திருப்பதை, அனுபம் மிஸ்ரா 1995-இல் இந்தியில் வெளியான 'ராஜஸ்தான் கீ ரஜத் பூந்தேன்' என்ற நூலில் அழகாக எழுதியிருக்கிறார்.

கணக்கு எழுதும் கை சும்மா இருக்குமா? ஒருநாள் நான் டாங்காவை அளந்தேன். எட்டடி நீளம், எட்டடி அகலம், பதினோரடி ஆழம். கன அடி 704. லிட்டரில் ஏறத்தாழ 20,000. கூரையின் பரப்பு 80 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர் நீர். ஜோத்பூரில் ஆண்டு மழை சுமார் 350 மில்லிமீட்டர். சென்னையின் மழையில் கால் பங்கு. ஆக, 28,000 லிட்டர். காய்ந்து போவதும் வழிந்து போவதுமாக ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தாலும் தொட்டி நிரம்பிவிடும். வீட்டில் இரு குடும்பங்களிலும் ஆறு பேர். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஐந்து லிட்டர் என்றால் நாளொன்றுக்கு 30 லிட்டர். ஆண்டுக்குச் சுமார் 11,000. அப்படியானால் தொட்டி ஏன் ஏறக்குறைய இரு மடங்காக இருக்கிறது என்று யோசித்தேன். ஓராண்டு மழை பொய்த்தாலும் அடுத்த மழைவரை தாங்குவதற்காக! மாஜியின் மாமனாருக்கு முந்திய தலைமுறையில் யாரோ அப்படிக் கணக்கிட்டுக் கட்டியிருக்கிறார்கள். கண்டுபிடித்துவிட்ட பெருமிதத்தில் அன்றிரவு மனைவியிடம் நெடுநேரம் பேசினேன்.

2009-ஆம் ஆண்டு வந்தது. மே, ஜூன் மாதங்களில் 'ஆந்தி' எனப்படும் புழுதிப்புயல் நாள்தோறும் வீசிக் கூரையெங்கும் செம்மணலைப் படிய வைத்தது. அண்டைவீட்டார் புண்ணியத்துக்கென்று மாடியில் இறைக்கும் தானியத்துக்கு நூற்றுக்கணக்கில் புறாக்கள் வரும். எங்கள் கூரையிலும் தங்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கூரையை அவசரமாகப் பெருக்கிவிட்டு, அது போதும் என்று இருந்துவிட்டேன். மழை வருவதாகக் காணோம். ஜூலையும் பிறந்து நாள்கள் கழிந்தன. மாஜியும் அவர் பிள்ளையும் மருமகளும் உறவினர் திருமணத்துக்கு வெளியூர் சென்றிருந்தபோது, ஒருநாள் மாலை வானம் இருண்டு, மழை கொட்டியது.

நான் கூரைக்கு ஓடினேன். தெருத்தூம்பின் வழியாக நீர் வீணே பாய்ந்து சாக்கடையில் சேர்வதைக் கண்டேன். குடத்தைச் சுமந்து ஊருணிக்கு நடந்த என் அன்னையாரின் உருவம் கண்முன் நின்றது. இன்னொரு மழை வருமோ வராதோ? வறட்சிக் காலத்தில் ஒரு துளியையும் இழப்பது பாவமல்லவா? தக்கையைப் பிடுங்கினேன்.

படியில் நின்ற மனைவி, "ஏங்க, மாஜி மொத மழைய விட்டுடணும்னுதானே சொன்னாங்க?" என்றாள்.

"அது மழை நல்லா பெய்யுற வருஷத்துக்கு" என்று சொல்லித் தக்கையைத் தெருத் துளையில் அழுத்திச் செருகினேன். மழை அரை மணி நேரம் பெய்து ஓய்ந்தது. கூரையில் வைத்திருந்த நேர்ச்சுவர்ப் பாத்திரத்தில் ஒன்றரை சென்டிமீட்டர் நீர் நின்றது. 80 சதுர மீட்டருக்கு 1,200 லிட்டர். நாற்பது நாள் நீரைச் சேமித்துவிட்டேன் என்று மகிழ்ந்து உறங்கினேன்.

மறுநாள் காலை வாளியில் வந்த நீர் சற்று மங்கலாக இருந்தது. புதுநீர் அப்படித்தான் இருக்கும் என்றேன். மூன்றாம் நாள் மகளுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டன. மாலைக்குள் கண்கள் குழிந்து, உதடு வறண்டு, குழந்தை துவண்டுவிட்டாள். மருத்துவமனையில் சேர்த்து இரண்டு நாள் சிரை வழியே உப்புநீர் ஏற்றினார்கள். "என்ன தண்ணீர் குடித்தாள்?" என்று மருத்துவர் கேட்டபோது என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. மனைவிதான் சொன்னாள். அந்த இரண்டு இரவுகளும் அவள் என்னோடு வேறொன்றும் பேசவில்லை.

குழந்தை பிழைத்து வீடு திரும்பிய அன்றே மாஜியும் ஊரிலிருந்து திரும்பினார். மூடியைத் திறந்தார், குனிந்து முகர்ந்தார், ஒன்றும் சொல்லாமல், முழங்கால் வலியோடு இரண்டு மாடிப் படிகளையும் ஏறிக் கூரைக்குப் போனார். தக்கை எந்தத் துளையில் இருக்கிறது என்று பார்த்தார். நான் பின்னால் நின்றேன். அவர் முதலில் கேட்டது, "குழந்தை எப்படி இருக்கிறாள்?" என்பதே. பிறகு, "முதல் தண்ணீர் கூரையைக் கழுவ வந்தது, பேட்டா. அதைக் குடிக்க யார் சொன்னார்கள்?" என்றார். குரலில் கோபம் இல்லை. அதனால் எனக்கு மேலும் தாங்கவில்லை.

என் கணக்கை நானே மீண்டும் போட்டுப் பார்த்தேன். மழைக்கு முன் டாங்காவில் ஐந்தடி நீர் இருந்தது. ஏறத்தாழ 9,000 லிட்டர். பத்து மாதக் குடிநீர். 1,200 லிட்டருக்கு ஆசைப்பட்டு 9,000 லிட்டரையும் கெடுத்தேன். பணம் தருகிறேன், டேங்கர் தண்ணீர் வாங்கி நிரப்பிவிடலாம் என்றேன். "டேங்கர் தண்ணீரை டாங்காவில் ஊற்றமாட்டேன்" என்று மறுத்துவிட்டார். மாஜியின் மகனும் நானும் நான்கு நாள், காலையும் மாலையுமாக இறைத்தோம். அறுநூறு வாளிகளுக்கு மேல். அந்நீரையும் அவர் வீணாக்க விடவில்லை. முற்றம் கழுவவும், தெருமுனை வேப்பமரத்துக்கும் போயிற்று. பிறகு நான் ஏணி வழியே உள்ளே இறங்கி, அடியில் படிந்த சேற்றை வாரிச் சுவரைத் தேய்த்துக் கழுவினேன். சுண்ணாம்பு அடித்தோம். சுத்தமான தொட்டி மழைக்குக் காத்திருந்தது.

மழைதான் வரவில்லை. 2009-ஆம் ஆண்டின் பருவமழை நாடெங்கும் பொய்த்தது; நெடுங்காலச் சராசரியில் 78 விழுக்காடே பெய்தது. 1972-க்குப் பிறகு அவ்வளவு குறைந்த மழை இல்லை. எந்த ஆண்டுக்காக முன்னோர் அந்தத் தொட்டியை இரு மடங்காகக் கட்டி வைத்தார்களோ, அந்த ஆண்டில் நான் அதை வெறுமையாக்கி வைத்திருந்தேன். பிறகு பெய்த சிறு மழைகளில் ஓரடி நீர் சேர்ந்தது; தீபாவளிக்குள் தீர்ந்தது. குழாய்நீரைக் காய்ச்சிக் குடித்தோம்.

அதைவிடக் கொடிய நாள்கள் அடுத்த கோடையில் வந்தன. பராமரிப்புக்காகக் கால்வாயை மூடும் நாள்களை அங்கே 'நஹர்பந்தி' என்பார்கள். அப்போது குழாய்நீர் குறைந்துவிடும். ஆண்டுதோறும் அந்நாள்களில் அண்டைவீட்டுப் பெண்கள் ஆளுக்கொரு குடத்தோடு மாஜியின் முற்றத்துக்கு வருவது வழக்கமாம். 2010-லும் வந்தார்கள். மாஜி வாசற்படியில் அமர்ந்தபடி, "இந்த வருஷம் டாங்காவில் நீர் இல்லை" என்று சொன்னார். காரணத்தைச் சொல்லவில்லை. மாடியில் குடியிருக்கும் மதராசிக்காரன் செய்த வேலை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் தெருவே என்னைத் தூற்றியிருக்கும். வெறுங்குடத்தோடு திரும்பிய பெண்களை மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்களில் யாரையேனும் காணும்போதெல்லாம் தலைகுனிந்தே சென்றேன்.

அன்றிரவு ஊருக்குத் தொலைபேசியில் பேசினேன். அதுவரை அன்னையாரிடம் மறைத்து வைத்திருந்ததையெல்லாம் சொன்னேன். சிறிது நேரம் மறுமுனையில் பேச்சே இல்லை. பிறகு, "மொத மழையில நாம வேட்டி கட்டவே மாட்டமேய்யா. புழுதி அடங்கட்டும்னு ரெண்டு மழைய விட்டுட்டுத்தானே கட்டுவோம். நீயும் பக்கத்துலதானே நின்ன, மறந்துட்டியா?" என்றார்.

மறந்துதான் போயிருந்தேன். அண்டாவின் ஓசையை நினைவில் வைத்திருந்தேன். அதற்கு முன் அன்னையார் முற்றத்தில் கைகட்டிக் காத்திருந்த நாள்களை மறந்துவிட்டேன். கடவுள் வாழ்த்துக்கு அடுத்தபடியாக வள்ளுவர் வான்சிறப்பை வைத்தார் என்று தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான். வான் தருவதை வாங்கிக்கொள்ளும் முறையை எழுத்தறியாத என் அன்னையார் அறிந்திருந்தார். ஆயிரத்தைந்நூறு கல் தொலைவில், அவருடைய மொழி தெரியாத இன்னொரு தாயும் அறிந்திருந்தார். இருவருக்கும் நடுவில் இருந்த நான் மட்டும் அறியவில்லை. ஊரைவிட்டு வரும்போது நாம் மொழியைக் கொண்டுவருகிறோம், பண்டிகையைக் கொண்டுவருகிறோம், கோவிலைக்கூடக் கட்டிக்கொள்கிறோம். அன்றாட வேலைகளுக்குள் பொதிந்து கிடக்கும் அறிவு, கேட்பாரற்று ஊரிலேயே தங்கிவிடுகிறது. கேட்டால் சொல்வதற்கு இன்னும் சிலர் இருக்கும்போதே நாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

2010-ஆம் ஆண்டு ஆஷாட மாதம் நெருங்கியது. அந்தப் பொறுப்பை இனி மாஜி தம் மகனிடம் கொடுத்துவிடுவார் என்றே எண்ணினேன். ஒருநாள் மாலை படியேறி வந்து, புதுத்துணி சுற்றிய தக்கையை என் கையில் வைத்தார். "கூரையைக் கழுவு, பேட்டா" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை. மூன்று முறை கழுவினேன். முதல் மழை வந்தது. தெருத்தூம்பில் பழுப்பு நீர் கொட்டுவதைக் கூரையில் நின்று நனைந்தபடி பார்த்தேன். அடுத்த மழைக்கும், நீர் தெளிந்து வரும்வரை காத்திருந்து, பிறகே தக்கையை மாற்றினேன். அவ்வாண்டு மழை குறைவைக்கவில்லை. மூடியைத் திறந்து, முதல் வாளி நீரை மாஜி என் மகளுக்குத்தான் கொடுத்தார்.

2013-இல் தில்லிக்கு மாற்றலாகி வந்தோம். 2019-ஆம் ஆண்டு கோடையில் சென்னைப் புறநகரில் உள்ள என் தம்பியின் வீட்டுக்குச் சென்றிருந்தேன். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டுகிடந்த ஆண்டு அது. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ஒரு நடைக்கு 25 இலட்சம் லிட்டர் வீதம் இரயிலில் தண்ணீர் வந்தது. ஜோத்பூரைப் போல நான்கு மடங்கு மழை பெய்யும் ஊருக்கு! மழைநீர்ச் சேகரிப்பு ஒவ்வொரு கட்டடத்திலும் இருக்க வேண்டும் என்று தமிழக அரசு சட்டம் செய்தது 2003-இல். தம்பி வீட்டிலும் அந்த அமைப்பு இருந்தது. ஆனால் மொட்டை மாடிக் குழாயின் வாயில் குருவிக்கூடு. கீழே குழியின்மேல் தளக்கல் பதித்து வண்டி நிறுத்தியிருந்தார்கள். சட்டத்துக்காக வைத்ததை அதன்பின் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

விடுப்பை நீட்டித்து, தம்பியும் நானும் அதைச் சீர்செய்தோம். மாடியிலிருந்து இறங்கும் குழாயை இரண்டாகப் பிரித்து, இரண்டிலும் வால்வு வைத்தோம்; ஒன்று தெருவடிகாலுக்கு, மற்றது வடிகட்டிக்கு. பெரிய பீப்பாய் ஒன்றில் அடியில் கூழாங்கல், அதன்மேல் ஜல்லி, கரி, மேலே கழுவிய மணல் என்று நிரப்பினோம். அதில் வடிந்த நீர் நிலத்தடித் தொட்டிக்குச் செல்லும். தொட்டி நிரம்பினால் மிகுந்தது கிணற்றுக்குப் போகும். குடிக்கும் நீரைக் காய்ச்சியே குடிக்க வேண்டும் என்றும், மணலை ஆண்டுக்கொருமுறை கழுவ வேண்டும் என்றும் எழுதிச் சுவரில் ஒட்டினேன். செலவு பெரிதன்று. மாடியை யார் பெருக்குவது, வால்வை யார் திருப்புவது என்று முடிவு செய்வதற்குத்தான் நெடுநேரம் பிடித்தது.

அவ்வாண்டு ஐப்பசியில், பண்டிகை விடுமுறைக்கு நாங்கள் அங்கே இருந்தபோது, நல்ல மழை பிடித்தது. தெருவடிகாலில் மாடிநீர் பாய்ந்தோடுவதைக் கண்ட என் மகள், "அப்பா, இவ்வளவு தண்ணி வீணாப் போகுதே, வால்வைத் திருப்பட்டுமா?" என்று குடையோடு ஓடினாள். அப்போது அவளுக்குப் பதினைந்து வயது. ஜோத்பூர் மருத்துவமனையில் துவண்டு கிடந்த நாள் அவள் நினைவில் இல்லை. அவள் தோளைப் பற்றி நிறுத்தினேன். அன்று மாலை முழுவதும் மழையைப் பார்த்தபடி, இக்கட்டுரையில் எழுதிய அத்தனையையும் முதன்முறையாக அவளுக்குச் சொன்னேன். மறுநாள் மழைக்கு அவளே போய், நீரைக் கையில் ஏந்திப் பார்த்து, தெளிந்திருக்கிறதென்று உறுதி செய்துகொண்டு வால்வைத் திருப்பினாள்.